குத்துக்காலிட்டவரைத் தேடி நான்கு நாள்

ஜூன் 10, டோக்கியோ

ஜூன் என்றால் ஜப்பானில் மழைக்காலம். துணி காயாது, ரொட்டி இரண்டே நாளில் பூசணம் பூக்கும். இந்த மாதத்தில் யாராவது ஊர் சுற்றக் கிளம்புவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். நான்கு நாள் விடுப்பை இப்போது எடுக்காவிட்டால் காலாவதியாகிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் இருக்கும் அறுபது தாண்டிய பெரியவர்.

அருப்புக்கோட்டையில் பதினாறு வயதிலிருந்து முப்பத்தொன்று வரை நான் விக்கெட் கீப்பர். டென்னிஸ் பந்துதான், பெரிதாக ஒன்றுமில்லை. மிச்சம் இருப்பது இரண்டு முழங்கால் வலி. படி இறங்கினால் டொக் டொக்கென்று சத்தம் வரும். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் இதைச் சொன்னதும் அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "அப்படியானால் நீங்கள் நொமுரா சானைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்." கடை ரசீதின் பின்பக்கம் மூன்று இடம் எழுதிக் கொடுத்தார்: ஜிங்கு, நம்பா, அமினோ. இந்த வரிசையில் போனால் அவர் கிழவராக ஆரம்பித்துச் சிறுவனாக முடிவார் என்றார்.

நொமுரா கட்சுயா. 1935இல் பிறந்து 2020 பிப்ரவரியில் 84 வயதில் இறந்தவர். பேஸ்பால் கேட்ச்சர். 3017 ஆட்டம், 657 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி). ஜப்பானில் அவருக்கு மேல் ஹோம் ரன் அடித்தவர் ஓ சதஹாரு ஒருவர்தான், 868. ஆனால் ஓ முதல் பேஸில் நின்று ஆடியவர். நொமுரா ஒவ்வொரு ஆட்டத்திலும் நூறு தடவைக்கு மேல் உட்கார்ந்து எழுந்துவிட்டு, அதன்மேல் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அடித்தவர். மொத்தம் நான்கு தொழில்முறை அணிகளுக்கு மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மைதானத்தில் இருக்கும் எட்டுப் பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்க, கேட்ச்சர் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். எட்டு முகமும் தெரிவது அவருக்கு மட்டும். இதுவரை நம் கீப்பர்தான். வித்தியாசம் இனிமேல். அடுத்த பந்து எது, எங்கே என்று தொடைகளுக்கு நடுவே விரலால் காட்டுவதும் அவர்தான். பந்து எறியும் பிட்சர் பெரும்பாலும் தலையாட்டிவிட்டு அதையே போடுவார். நான் பதினைந்து வருடம் பின்னாலிருந்து "நல்லா போடுறா, லெங்த்துல போடுறா" என்று கத்தியதற்கு ஒரு பயலும் காது கொடுத்ததில்லை. இங்கே கீப்பர் விரலை அசைத்தால் பந்து வளைகிறது.

ஜிங்கு 1926இல் கட்டிய மைதானம். 1934இல் பேப் ரூத் வந்து ஆடிய இடம். யாக்குல்ட் ஸ்வாலோஸின் வீடு. நான் போனபோது தூறிக்கொண்டிருந்தது. வறுத்த கோழி ஒரு கப் 700 யென். முதுகில் பீர் பீப்பாயைச் சுமந்துகொண்டு பெண்பிள்ளைகள் அந்தச் செங்குத்துப் படியில் ஏறி இறங்கிச் சிரித்தபடி ஊற்றுகிறார்கள். அவர்கள் முழங்காலைத்தான் பார்த்தேன், வேறெதையும் இல்லை.

இந்த அணி ரசிகர்கள் எல்லோரும் கையில் ஒரு சின்னக் குடை வைத்திருப்பார்கள். ரன் வந்தால் குடையை விரித்து, பழைய விழாப்பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே மேலும் கீழும் ஆட்டுவார்கள். ஆயிரக்கணக்கான குடைகள். சரி, குடை ஊர்தானே என்று தூறலுக்கு என் பெரிய கறுப்புக் குடையை விரித்தேன். காவலர் ஓடிவந்து, குனிந்து வணங்கி, இரண்டு கையையும் பெருக்கல் குறி போல் வைத்துக் காட்டினார். பின்னால் இருப்பவருக்கு மறைக்குமாம். ஆடுவதற்குக் குடை உண்டு, மழைக்குக் கிடையாது.

பக்கத்தில் எழுபது வயசுத் தம்பதி. அந்த அம்மா பையிலிருந்து மடித்த பிளாஸ்டிக் மழை அங்கியை எடுத்து என் மடியில் வைத்தார். காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். நான் போய் மூன்று பேருக்கும் வேகவைத்த பச்சை சோயா அவரை வாங்கிவந்து சமன் செய்தேன். அதற்குப் பிறகுதான் அந்த ஐயா பேச ஆரம்பித்தார். நொமுரா பெயரைச் சொன்னதும் அவர் முதலில் செய்தது முணுமுணுத்துக் காட்டியதுதான். பென்ச்சில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டே இருப்பாராம் மனுஷன். அந்தப் புலம்பலுக்கே ரசிகர்கள் உண்டு. நிருபர்கள் நோட்டுப் புத்தகத்தோடு சூழ்ந்து நிற்பார்கள்.

1990இல் நொமுரா இங்கே வந்தபோது அணி தேறாத அணி. முதல் வருடம் ஐந்தாம் இடம். பயிற்சி முகாமில் பகலெல்லாம் மைதானம், ராத்திரி வகுப்பு. வீரர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நோட்டு எழுத வேண்டும். எந்தப் பேட்டர் எந்தக் கட்டத்தில் எந்தப் பந்தை எதிர்பார்ப்பான் என்பதெல்லாம் பாடம். 1992இல் லீக் பட்டம், 14 வருடத்துக்குப் பிறகு. அதன்பின் 1993, 1995, 1997 மூன்றிலும், இரண்டு லீக் பட்டக்காரர்களும் மோதும் ஜப்பான் சீரிஸே கையில். 1992, 1993 இரண்டு வருட இறுதியிலும் எதிரே நின்றது செய்பு அணி. அதன் மேனேஜர் மோரி மசாக்கியும் பழைய கேட்ச்சர்தான். "நரியும் தானுக்கியும் ஒன்றையொன்று ஏமாற்றிய கதை" என்று பத்திரிகைகள் எழுதினவாம். தானுக்கி என்பது இங்கத்துக் கதைகளில் உருமாறி ஏமாற்றும் ஒரு காட்டு மிருகம், கொஞ்சம் தொப்பையோடு. யார் நரி, யார் தானுக்கி என்று கேட்டேன். ஐயா தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். நொமுராதான் தானுக்கி.

அவர் பட்டங்களைவிட ஃபுருதா அத்சுயா விஷயம்தான் எனக்குப் பிடித்தது. கண்ணாடி போட்ட கேட்ச்சர் சரிப்படாது என்று அணிகள் கைவிட்ட பையன். நொமுரா வந்த அதே வருடம் இவரும் வந்தார். பென்ச்சில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, ஏன் அந்தப் பந்தைக் கேட்டாய் என்று ஒவ்வொன்றுக்கும் திட்டு. 1991இல் அந்தக் கண்ணாடிக்காரர் பேட்டிங் சராசரியில் லீக்கிலேயே முதலிடம். 1993இல், பந்து அடிபடும் முன்பே அடுத்த பேஸைத் திருட ஓடியவர்களில் நூற்றுக்கு அறுபத்துநாலு பேரை எறிந்து வீழ்த்தினார். அது இன்றும் ஜப்பான் சாதனை. திட்டு வாங்கி வளர்ந்தவர்களுக்கு இதில் ஆறுதல் இருக்கலாம். எனக்கு என் பழைய பி.டி. வாத்தியார் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

ஏழாவது இன்னிங்ஸ் குடையாட்டத்தில் அந்த அம்மா எனக்கும் ஒரு உபரிக் குடை தந்தார். ஆட்டினேன். பாட்டு தெரியாது, வாயை மட்டும் அசைத்தேன்.

ஜூன் 11, ஒசாக்கா

மழை நின்று வெக்கை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நம்பாவில் இறங்கியதும் செய்த முதல் தவறு, தகோயாக்கி உருண்டையை முழுசாக வாயில் போட்டது. எட்டு உருண்டை 650 யென். வெளியே ஆறியிருக்கும், உள்ளே கொதிக்கும் மாவு. நம் பணியாரத்துக்கு அந்தத் துரோகம் தெரியாது. மேல்வாய் தோல் உரிந்துபோய் நாள் முழுக்க நாக்கால் தடவிக்கொண்டே திரிந்தேன்.

நம்பா பார்க்ஸ் என்பது மாடி மாடியாகத் தோட்டம் வைத்துக் கட்டிய பெரிய வணிக வளாகம். 2003இல் திறந்தது. அதற்கு முன் அங்கே இருந்தது 1950இல் கட்டிய ஒசாக்கா மைதானம், நன்காய் ஹாக்ஸ் அணியின் வீடு. 1988இல் அணியை விற்றுவிட்டார்கள், அது ஃபுக்குவோக்காவுக்குப் போய்விட்டது. அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். காலரி அப்படியே நிற்க, நடு மைதானத்தில் மாதிரி வீடுகளைக் கட்டி வீட்டு விற்பனைக் கண்காட்சி நடத்தினார்கள். பழைய புகைப்படம் பார்த்தேன். கிண்ணத்துக்குள் ஒரு குட்டி ஊர். 1998இல் அதையும் இடித்தார்கள்.

இப்போது இரண்டாம் மாடி நடைபாதையில், மட்டையெடுப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் இருந்த இடத்தைத் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப் பிட்சர் நின்ற இடம். யாரும் பார்ப்பதில்லை. ஒரு குழந்தை அதன்மேல் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது நகரும்வரை காத்திருந்து, பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். நொமுரா 20 வருடத்துக்கு மேல் உட்கார்ந்த இடம். அங்கிருந்து பார்த்தால் ஒரு துணிக்கடை தெரிகிறது.

உட்கார்ந்தது சரி. எழ முடியவில்லை. வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. டோக்கியோவாக இருந்தால் எல்லோரும் கண்ணியமாகப் பார்க்காத மாதிரி போயிருப்பார்கள். இது ஒசாக்கா. சிறுத்தைப் புள்ளிச் சட்டை போட்ட ஒரு அத்தை, "என்னப்பா ஆச்சு, வயித்து வலியா?" என்று கத்திக்கொண்டே வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். கைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சை மிட்டாயும் வந்தது. ஒசாக்கா அத்தைகள் பையில் மிட்டாய் வைத்திருப்பார்கள் என்பதை நான் கட்டுக்கதை என்று நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் மாடியில் நன்காய் ஹாக்ஸ் நினைவுக் காட்சிக்கூடம். சின்ன இடம்தான். ஆனால் இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் நின்றது இங்கேதான்.

1954இல் நொமுரா இந்த அணிக்கு வந்தது சோதனை ஆட்டம் ஆடித் தேறி. யாரும் அழைத்து வரவில்லை. வேலை, பயிற்சியில் பிட்சர்கள் எறிவதைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பது. அந்த வேலைக்குப் பெயரே சுவர். முதல் வருடம் 11 முறை மட்டையெடுத்து ஒரு ஹிட் கூட இல்லை. வருடக் கடைசியில் போய்விடு என்றார்கள். மன்றாடித்தான் இன்னொரு வருடம் வாங்கினார். 1957இல் அதே சுவர் லீக்கிலேயே அதிக ஹோம் ரன், 30. 1965இல் சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் முதலிடம். போருக்குப் பின் ஜப்பானில் யாரும் அதுவரை செய்யாதது. 1970இலிருந்து ஆட்டக்காரர், மேனேஜர் இரண்டும் அவரே. தானே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு, தானே நான்காவதாக மட்டையெடுத்துக்கொண்டு, பிட்சரை மாற்ற நடுவரிடம் தானே போய்ச் சொல்லிக்கொண்டு. 1973இல் லீக் பட்டம்.

பேட்டர் காதில் முணுமுணுப்பது அவர் ஆயுதம். நேற்று ராத்திரி எந்த மதுக்கடையில் இருந்தாய் என்று மெதுவாகக் கேட்பாராம். அதற்காகவே கடைகளில் துப்பு சேகரிப்பாராம். எங்கள் ஊர் டோர்னமென்ட்டில் இதை நானும் செய்திருக்கிறேன், துப்பு மட்டும் இவ்வளவு உயர்தரம் இல்லை. அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம் நகஷிமா ஷிகெயோவிடம் மட்டும் இது பலிக்கவில்லை. அவர் காதில் எதுவும் ஏறாது.

இத்தனையும் செய்தவரை 1977இல் அணி வெளியே அனுப்பியது. அவரோடு வாழ்ந்த பெண், பின்னாளில் மனைவி, அணி விஷயத்தில் தலையிடுகிறார் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. கசப்பு ஆறவில்லை. 2003இல் இந்தக் காட்சிக்கூடம் திறந்தபோது நன்காய் ஹாக்ஸின் வரலாறு முழுக்கச் சுவரில் இருந்தது, நொமுரா இல்லை. படம் இல்லை, பெயர் இல்லை. 600க்கும் மேல் ஹோம் ரன் அடித்தவனை விட்டுவிட்டு ஒரு அணியின் கதையை எப்படிச் சொல்வது? சொன்னார்கள். பதினேழு வருடம் அப்படியே இருந்தது.

அவர் இறந்த பிறகு பணம் திரட்டி இதைச் சரி செய்ய முன்னின்றவர் எமோதோ தக்கெனோரி. 1971இல் வேறொரு அணியில் ஒரு வெற்றி கூட இல்லாத பிட்சர் அவர். அவரைக் கேட்டு வாங்கிவந்து, நான் பிடித்தால் நீ பத்து ஆட்டம் ஜெயிப்பாய் என்றாராம் நொமுரா. அடுத்த வருடம் 16. ஆனால் 1976இல் எனாட்சு யுதாகா என்ற பெரிய பிட்சருக்காக இதே எமோதோவை மாற்றிக் கொடுத்தவரும் நொமுராதான். விற்கப்பட்டவன் வந்து, விற்றவர் பெயரைச் சுவரில் ஏற்றியிருக்கிறான். 2021 பிப்ரவரியிலிருந்து நொமுராவின் சீருடை எண் 19 அங்கே இருக்கிறது. அறையில் என்னையும் சேர்த்து மூன்று பேர். ஒரு ஐயா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் படம் எடுத்தார்.

ராத்திரி உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டேன், 480 யென். வாய் எரிந்தது.

ஜூன் 12, போகவேண்டிய ஊர் அமினோ, போன ஊர் மாய்சுரு

கியோத்தோவில் ஏறிய விரைவு ரயில் ஆயபே என்ற ஊரில் இரண்டாகப் பிரியும். பாதிப் பெட்டிகள் கடலோரத் தாங்கோ பக்கம், மீதி மாய்சுரு துறைமுகம். அறிவிப்பு செய்தார்கள், பெட்டியில் எழுதியும் இருந்தது. நான் தூங்கிவிட்டேன். எழுந்தபோது கிழக்கு மாய்சுரு, கடைசி நிறுத்தம். தப்பு முழுக்க என்னுடையது. ஆனாலும் கண்டக்டர்தான் மன்னிப்புக் கேட்டார். ஒரு துண்டுச் சீட்டில் அடுத்த மூன்று ரயில் நேரமும் எழுதி, மேற்கு மாய்சுருவில் இறங்கி மாறவேண்டும் என்று இரண்டு முறை அடிக்கோடிட்டுக் கொடுத்தார். கூடுதல் கட்டணத்தை எண்ணிக் கட்டினேன். இன்றைய பெரிய செலவு தூக்கம்.

அடுத்த ரயிலுக்கு நிறைய நேரம் இருந்ததால் சாப்பிடப் போனேன். இந்த ஊர்க்காரர்கள் நிக்குஜாகா என்ற இறைச்சி உருளைக்கிழங்குக் குழம்பு தங்கள் கடற்படைச் சமையலறையில் பிறந்தது என்பார்கள். குரே என்ற இன்னொரு துறைமுகமும் அதையே சொல்கிறது, நம் ஊர் அல்வாச் சண்டை போல. அது மாட்டிறைச்சி, நான் தொடுவதில்லை. கடைக்கார அம்மாவிடம் கையெடுத்துச் சொன்னதும், உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கி வைக்கட்டுமா என்று கேட்டார். குழம்பு முழுக்க மாடுதானே அம்மா என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மீன் கேக்கும் சோறும் கொண்டுவந்தார். குழம்புக்கு உள்ள விலையைவிடக் குறைத்துத்தான் வாங்கினார்.

போர் முடிந்த பின் சைபீரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் திரும்பியவர்கள் கப்பலில் வந்து இறங்கிய துறைமுகம் மாய்சுரு. 1945 முதல் 1958 வரை ஏறக்குறைய 6,60,000 பேர். கணவனும் மகனும் வருவார்களா என்று பெண்கள் கப்பலுக்குக் கப்பல் வந்து நின்ற கரை. நொமுராவின் அப்பா அதற்கு முன்பே, மகனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, படையில் சேர்ந்து சீனாவுக்குப் போய் நோயில் இறந்துவிட்டார். அந்த வீட்டில் கப்பலுக்குக் காத்திருக்கவும் வேலை இல்லை.

மேற்கு மாய்சுருவிலிருந்து ஒற்றைப் பெட்டி ரயில். பெட்டியில் ஏழு பேர், நான்கு பேர் பள்ளிப் பிள்ளைகள். யுரா ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு பாலம், அரைக் கிலோமீட்டருக்கு மேல். தண்ணீரை ஒட்டி, பக்கச் சுவரே இல்லாமல். பாம்பனில் போன மாதிரி வயிற்றில் ஒரு பிசைவு. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். மழைமேகமும் ஆறும் ஒரே ஈயநிறம், எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒழுங்காக விழித்திருந்தால் இந்தப் பாலம் எனக்குக் கிடைத்திருக்காது. எதிரே இருந்த பிள்ளைகள் ஒருவரும் போனிலிருந்து தலை தூக்கவில்லை. தினம் பார்க்கிறவர்கள்.

அமினோ வந்தபோது இருட்டிவிட்டது. விடுதியில் இரவுச் சாப்பாட்டு நேரம் ஆறரையோடு முடிந்திருந்தது. விடுதிக்கார அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு சோற்றுருண்டையும் ஊறுகாயும் அறைக்குக் கொண்டுவந்து வைத்தார்.

ஜூன் 13, அமினோ

காலையில் டடக் டடக் என்று சத்தம் கேட்டு எழுந்தேன். அருப்புக்கோட்டைக்காரனுக்கு அது அலாரம் போல. தறி. தாங்கோ பக்கம் சுருக்கப் பட்டு நெய்யும் ஊர்கள், 300 வருடப் பழக்கம். எங்கள் தெருவைவிட இங்கே தறி குறைந்துவிட்டது என்று தெரிந்தது. ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் வந்தது.

இந்த ஊரின் பெருமை குளிர்கால நண்டு. ஜூனில் நண்டு சுவரொட்டியில்தான் இருக்கும். மதியம் தாங்கோ பாராசூஷி சாப்பிட்டேன், ஏறக்குறைய 1000 யென். புளிக்காடி சேர்த்த சோற்றை மரப்பெட்டியில் பரப்பி, கானாங்கெளுத்தியை உதிர்த்துச் சர்க்கரையும் சோயாவும் போட்டு வறுத்துத் தூவுகிறார்கள். இனிப்பான சுறாப்புட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாய் திகைப்பு, மூன்றாவது வாயில் பழகிவிட்டது.

உள்ளூர்ப் பொருள்கள் விற்கும் ஒரு நிலையத்துக்குள்ளேயே நொமுராவுக்கு ஒரு காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள், 2018இலிருந்து. பட்டுத் துணியும் ஊறுகாயும் தாண்டிப் போனால் கோப்பைகள், மட்டைகள், சீருடை. இந்த ஊர்ப் பையன்.

அம்மா செவிலியர். அவருக்குப் புற்றுநோய். வீட்டில் இரண்டு பிள்ளைகள். சின்னவன் பத்திரிகை போட்டான், கோடையில் கடற்கரையில் ஐஸ் விற்றான். கட்சுயா மேலே படிக்க முடிந்தது, அண்ணன் கல்லூரி ஆசையை விட்டதால். பக்கத்து ஊர் மினேயாமா பள்ளியில் பேஸ்பால் ஆடினார், யாரும் கேள்விப்படாத அணி. அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. எந்தத் தொழில்முறை அணிக்குச் சோதனைக்குப் போவது என்று இந்தப் பதினெட்டு வயசுப் பையன் வீரர் பட்டியலை உட்கார்ந்து படித்தான். கேட்ச்சருக்கு முப்பது தாண்டிய அணி எது? நன்காய் அதில் ஒன்று. அவருக்குப் பிடித்த அணி அதல்ல, யோமியுரிதான். ஆனால் அங்கே இளம் கேட்ச்சர் இருந்தார். 1990இல் யாக்குல்ட் வீரர்களை நோட்டு எழுதவைத்த மனுஷன், அந்தப் பாடத்தை இங்கே தனியாகப் படித்து முடித்துவிட்டுத்தான் ரயில் ஏறியிருக்கிறார்.

1977க்குப் பிறகு லோத்தே அணி, அப்புறம் செய்பு. சாதாரண ஆட்டக்காரராகவே. வாழ்நாள் முழுக்க ஒரு கேட்ச்சர் என்று சொல்லிக்கொண்டார். 1980இல், 45 வயதில், ஒரு ஆட்டத்தில் அவருக்குப் பதில் வேறொருவரை மட்டையெடுக்க அனுப்பினார்கள். அவன் சொதப்ப வேண்டும் என்று பென்ச்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டாராம். அவன் சொதப்பினான். சந்தோஷப்பட்டாராம். தன் அணி தோற்கச் சந்தோஷப்படுகிறவன் இனி ஆடக்கூடாது என்று அந்த வருடமே நிறுத்திக்கொண்டார். இதை அவரே சொல்லியிருக்கிறார். நான் கடைசி வருடத்தில் இளம் கீப்பர் ஒருவன் பந்தைத் தவறவிட்டபோது நிழலில் உட்கார்ந்து என்ன நினைத்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மத்தியானத்துக்கு மேல் கொத்தோஹிக்கி கடற்கரை. நடந்தால் மணல் கீச்கீச்சென்று பாடும் என்று பெயர் போன இடம். சுத்தமாக இருக்கவேண்டும் என்று அங்கே சிகரெட்டுக்குக்கூடத் தடை. பஸ் அரிது என்று விடுதிக்கார அம்மாவே தன் குட்டி லாரியில் கொண்டுபோய் விட்டார். இறங்கி நடந்தேன். சத்தமே இல்லை. இரண்டு நாள் மழையில் மணல் நனைந்துவிட்டது. நனைந்த மணல் பாடாதாம். கேட்டது என் முழங்கால் மட்டும்.

1975இல் 600வது ஹோம் ரன் அடித்த அன்று நொமுரா சொன்ன வாக்கியம் ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும். ஓவும் நகஷிமாவும் சூரியகாந்தி என்றால், நான் ஜப்பான் கடலோரம் சத்தமில்லாமல் பூக்கும் சுகிமிசோ. நிலா பார்க்கும் பூ என்று பொருள். அவருக்கு ஒரு வருடம் முன்னால் ஓ 600ஐத் தொட்டுவிட்டார், ஊரே பார்த்துக்கொண்டிருக்க. அந்தப் பூவைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம்.

கரை ஓரம் புதரில் வாடித் தொங்கிய மஞ்சள் பூ நிறைய இருந்தது. இதுவா என்று அந்த அம்மாவைக் கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார், ஆனால் இதன் சரியான பெயர் மாலைக்குக் காத்திருக்கும் பூ, நிஜ சுகிமிசோ வெள்ளையாக இருக்கும்.

"நொமுரா சான் சொன்னது எது அம்மா?"

"இங்கே நிற்பது மஞ்சள்தானே" என்றார்.

எப்போது விரியும் என்றேன். இருட்டத் தொடங்கும்போது, ஏழு மணிக்கு மேல். என் ரயில் ஐந்தரைக்கு. தவறவிட்டால் நாளைதான், நாளை அலுவலகம். இறுகி மூடிய மொட்டு ஒன்றைப் படம் எடுத்துக் கணக்குப் பிரிவுப் பெரியவருக்கு அனுப்பினேன். மினேயாமா தாண்டும்போது பதில் வந்தது. "மொட்டா? சரி. முழங்கால் எப்படி?"